மூன்று நாள் வீடு

சென்ற விடுமுறையில் நானும் என் மைத்துனரும் குடும்பங்களுடன் இலங்கை சென்று, காலிக் கோட்டையினுள் கடலோரமாக உள்ள ஒரு பழைய வீட்டை மூன்று நாள்களுக்கு வாடகைக்குப் பேசித் தங்கியிருந்தோம். இரண்டாம் நாள் மாலை என் கடைசி மகள் ஒரு வினாவைத் தொடுத்தாள்.

"வாப்பா, இந்த வீட்டில் நாம் விருந்தாளிகளா, இல்லை அந்தப் பெரியவர் விருந்தாளியா?"

முப்பது ஆண்டுகளாக மாணவர்களுக்குப் பாடம் சொல்லி வருகிறேன். எனினும் அச்சிறுமிக்கு உடனே விடை சொல்ல என்னால் இயலவில்லை. அன்று சொல்லாத விடையை இன்று வாசக நேயர்களோடு சேர்ந்து தேட விழைகிறேன்.

அவள் குறிப்பிட்ட பெரியவர் அவ்வீட்டின் காவலர். காலையில் சன்னல்களைத் திறப்பார். தேநீர் கொண்டு வருவார். பாங்கு ஒலித்ததும் வெளிச்சவீட்டுக்கு எதிரேயுள்ள மீரான் பள்ளிக்கு என்னையும் அழைத்துச் செல்வார். பேச்சு வாக்கில்தான் அவ்வுண்மை வெளிப்பட்டது. அவர் பிறந்ததே அந்த வீட்டில்தான். அவருடைய தகப்பனார் மறைந்தபின் வாரிசுகள் எழுவரும் வீட்டை விற்று, விலையைப் பங்கிட்டுக்கொண்டார்கள். வாங்கியவர் வெளிநாட்டில் வாழ்கிறார். விடுமுறைக்கு வருவோருக்கு வீடு நாள் வாடகைக்கு விடப்படுகிறது. வீட்டின் பிள்ளை இன்று அங்கே மாதச் சம்பளம் பெறுகிறார்.

காலிக் கோட்டை கைமாறுதலுக்குப் புதிய ஊரன்று. போர்த்துக்கீசியரிடமிருந்து 1640இல் ஒல்லாந்தரும், ஒல்லாந்தரிடமிருந்து 1796இல் ஆங்கிலேயரும் அதைப் பெற்றனர். கொழும்புத் துறைமுகம் வளர்ந்தபின் காலியின் வாணிபம் சுருங்கிற்று. அதனாலேயே பழைய தெருக்களும், முருகைக்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு எழுப்பிய தடித்த சுவர்களும் இடிபடாமல் எஞ்சின எனலாம். 1988இல் யுனெஸ்கோ நிறுவனம் அக்கோட்டையை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை காலி நகரைச் சூறையாடியபோது, உள்ளிருந்த வீடுகளைப் பெருமளவு காத்தது அந்த மதிலேயாகும். அலையைத் தடுத்த மதில் விலையைத் தடுக்கவில்லை. வெளிநாட்டார் பலர் வீடுகளை வாங்கினர்; தலைமுறைகளாக வாழ்ந்த முஸ்லிம் குடும்பங்கள் பல வெளியேறின.

இனி, மகள் வினாவை எழுப்பிய அந்த மாலைக்கு வருவோம். என் மைத்துனரின் மகன் நடுமுற்றத்தில் எறிந்த பந்து, கதவின் மேலிருந்த வண்ணக் கண்ணாடிகளுள் ஒன்றை உடைத்துவிட்டது. மைத்துனர் தாழ்ந்த குரலில், "மச்சான், பழைய கண்ணாடி, தானாக விழுந்தது என்று விட்டுவிடுவோம். வாடகை ஒன்றும் குறைவாகக் கொடுக்கவில்லையே!" என்றார்.

அவர் தீயவர் அல்லர். நம்மில் பலர் எண்ணுவதைத்தான் அவர் சொன்னார். கொடுத்த பணம் எதை வாங்கிற்று என்பதே இங்கு எழும் கேள்வி.

நம் சட்ட அறிஞர்கள் இதைத் தெளிவாக வகுத்திருக்கிறார்கள். விற்பனையில் பொருளே கைமாறுகிறது. 'இஜாரா' எனப்படும் வாடகையிலோ பொருள் உடையவரிடமே இருக்க, அதன் 'மன்ஃபஅத்' ஆகிய பயன் மட்டும் குறித்த காலத்துக்கு நம்முடையதாகிறது. அந்த வீட்டில் நாங்கள் வாங்கியது மூன்று நாள் நிழலும் காற்றும் உறக்கமுமே. சுவரில் ஒரு கல்லும் எங்களுடையதன்று. வாடகைக்கு இருப்பவனின் கை 'அமானிதக் கை' என்பது ஃபிக்ஹு நூல்களின் தீர்ப்பு. முறையான புழக்கத்தில் தேய்வதற்கு அவன் ஈடு செய்ய வேண்டியதில்லை. வரம்பு மீறியோ கவனக்குறைவாலோ கெடுத்தால் அவன் பொறுப்பாளியே. நடைபட்டுத் தரை தேய்ந்தால் அது புழக்கம். பந்தெறிந்து கண்ணாடியை உடைப்பதைப் புழக்கம் என்போமா? சிறுவன் செய்ததாயினும் பிறர் பொருளை அழித்தமைக்கு ஈடு உண்டல்லவா?

இதனினும் பெரிய குற்றம் மறைத்தலாகும். நாங்கள் மறைத்துவிட்டுப் போயிருந்தால், தொலைவிலிருக்கும் உரிமையாளர் யாரைக் கேட்பார்? அந்தப் பெரியவரைத்தானே! வாடகை கொடுத்தவன் தப்பிக்க, கூலி வாங்குபவன் பழி சுமப்பான். அமானிதத்தில் செய்யும் துரோகம் பெரும்பாலும் உடையவனைச் சுடுவதில்லை; இடையில் நிற்கும் எளியவனையே சுடுகிறது.

மைத்துனரும் இதை உணர்ந்தார். இருவருமாகச் சென்று சொன்னோம். "நானா, பிள்ளை கண்ணாடியை உடைத்துவிட்டான். விலையை நாங்கள் தருகிறோம், உங்கள் முதலாளிக்கும் நாங்களே எழுதுகிறோம்" என்றேன்.

பெரியவர் கதவை அண்ணாந்து பார்த்தார். வண்ணக் கண்ணாடிகளுக்கு நடுவே ஒன்று மட்டும் நிறமின்றி இருந்தது. "அந்த வெள்ளைக் கண்ணாடி நான் உடைச்சது, மௌலவி. அப்ப எனக்கு எட்டு வயசு. வாப்பா அடிக்கல்ல" என்றார்.

அவ்வேளை அருகில் நின்றுதான் என் மகள் அந்த வினாவைக் கேட்டாள்.

இதே காலிக்கு 1344இல் இப்னு பதூதா வந்தார். இப்ராஹீம் எனும் கப்பல் தலைவர் தம் இல்லத்தில் அவருக்கு விருந்தளித்ததாக அவருடைய பயண வரலாறு தெரிவிக்கிறது. அது விருந்து, எங்களுடையது வாடகை. இரண்டையும் குழப்புதல் ஆகாது. வாடகை வாங்குவதால் எவருடைய மானமும் குறைவதில்லை. அது முறையான ஈட்டமே. ஆயினும் விருந்தாளிக்கும் விதிகள் உண்டு. விருந்து மூன்று நாள் என்றும், விருந்தளிப்பவர் இடர்ப்படும்வரை தங்குதல் ஆகாதென்றும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்தார்கள். இலவசமாகத் தங்குபவனுக்கே அத்தனை கூச்சம் கடமையென்றால், பணம் கொடுத்தவனுக்கு அது எவ்வாறு இல்லாமற் போகும்? பணம் தங்கும் உரிமையைத் தருகிறது; கூச்சத்தை விலக்கித் தருவதில்லை.

"இவ்வுலகில் யாவருமே விருந்தாளிகள்தாம், மகளே" என்று சொல்லி நான் தப்பித்திருக்கலாம். அது மெய்யே. ஆனால் அம்மெய்யைப் பிறர் உரிமையை மழுப்பும் போர்வையாக்குதல் கூடாது. யாவரும் விருந்தாளிகள் என்பதால் வீடு உடையவனும், வாடகைக்காரனும், ஊழியனும் ஒன்றாகிவிட மாட்டார்கள். அவரவர் கையில் அவரவர்க்குரிய அமானிதம் இருக்கிறது. அவரவர் கணக்கும் வேறு.

சட்டத்தின் கணக்கில் நாங்கள் வாடகைக்காரர், அவர் ஊழியர். விற்பனைப் பத்திரத்தில் எழுத முடியாத ஒன்று மட்டும் அவரிடம் எஞ்சியிருந்தது. எந்தக் கண்ணாடியை யார் உடைத்தார் என்பது அவருக்கு மட்டுமே தெரியும். அந்த நினைவை வாங்கியவரும் இல்லை, விற்றவரும் இல்லை. அதை மதித்து நடப்பது வாடகையில் அடங்காத எங்கள் கடமை.

இதை எழுத இன்னொரு காரணமும் உண்டு. எங்கள் ஊரிலும் கடற்காற்றில் உப்பரித்துப் பூட்டிக் கிடக்கிறது எங்கள் பெற்றோரின் வீடு. விடுமுறைக்காரர்களுக்கு அதை வாடகைக்கு விடலாமென்று என் தம்பி சொன்னபோது, "உம்மா ஓதிய அறையில் அந்நியர் உறங்குவதா?" என்று மறுத்தவன் நான். காலியில் அந்தப் பெரியவரைக் கண்டபின் என் மறுப்பு எனக்கே வலுவற்றதாய்த் தோன்றுகிறது. வாரிசுப் பங்கு இறைவனின் ஆணை. விற்பனை அவன் ஆணையன்று. வீட்டைச் சுவர் சுவராக அறுத்துப் பங்கிட முடியாது; அதன் வாடகையைக் காசு காசாகப் பங்கிடலாம். பூட்டிய வீட்டைக் கறையான் தின்னும். விற்ற வீட்டில் பிள்ளை ஊழியனாவான். வாடகைக்கு விட்ட வீடோ பிறர்க்கு நிழல் தந்து, நம் கையிலும் நிற்கும்.

தம்பிக்கு மடல் எழுதிவிட்டேன். உம்மாவின் அறைச் சன்னலில் விரிசல் விட்ட கண்ணாடி ஒன்று உண்டு. அதை உடைத்தது நான்தான் என்பதையும், ஐம்பது ஆண்டுகளுக்குப் பின், அம்மடலில் ஒப்புக்கொண்டிருக்கிறேன்.