தூரம்போன தகப்பனும் தாயின் மனுவும்



கோவளம் முதல் சதுரங்கப்பட்டினம் வரையுள்ள நம் கடலோரத்தில் ஒரு குடும்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வேறொரு துறைமுகத்துக்குத் தொழிலுக்குப் போன தகப்பனிடமிருந்து ஆறு வருஷமாய்ச் சேதியுமில்லை, காசுமில்லை. பிள்ளைக்கு ஒரு காகிதம் வாங்கப் போனால், "தகப்பன் கையெழுத்து எங்கே?" என்கிறார்கள். "தாலி கட்டினவனைக் கோர்ட்டுக்கு இழுப்பதா?" என்கிறாள் மாமியார். "உறவை அறுத்துவிடு, அக்கா" என்கிறான் தம்பி. செங்கல்பட்டு கோர்ட்டுக்குப் போவதா வேண்டாமா என்று தாய் தத்தளிக்கிறாள்.

2015-ம் வருஷம் ஜூலை மாதம் ஒரு கிறிஸ்தவத் தாயின் வழக்கில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. விவாகமில்லாமல் பெற்ற மகனைத் தனியே வளர்த்தவள் அவள். 1890-ம் வருஷத்துக் கார்டியன் சட்டப்படி அவள் கொடுத்த மனுவை, தகப்பனுக்கு நோட்டீஸ் இல்லை என்று கீழ்க்கோர்ட்டுகள் தள்ளின. சுப்ரீம் கோர்ட்டோ, பிள்ளையின் நலமே பெரிதென்று, நோட்டீஸ் இல்லாமலே விசாரிக்கச் சொன்னது. விவாகமான தாயின் காரியம் வேறு. அங்கே தகப்பனுக்கும் நோட்டீஸ் போகும். ஆனால் இத்தகைய உத்தரவு என்றைக்கும் முடிந்த முடிவல்ல, பிள்ளையின் நலத்துக்காக மறுபடி விசாரிக்கலாம் என்றும் அதே தீர்ப்பு சொல்லுகிறது. திருந்தி வருகிறவனுக்கு வழி அடைபடவில்லை. விவாகக் கட்டும் இதனால் அவிழ்வதில்லை.

சாலமோன் இராஜாவின் முன் நின்ற இரண்டு பெண்களை நினையுங்கள். "எனக்கும் வேண்டாம், உனக்கும் வேண்டாம்" என்றவள் பிள்ளையை வெட்டச் சம்மதித்தாள். மெய்யான தாயோ, பிள்ளை பிழைத்தால் போதுமென்று தன் உரிமையையே விட்டாள்.

தாயே, மனு எழுதுமுன் முழங்காலிலிருந்து கேட்டுப் பார்: இது பிள்ளைக்காகவா, என் கோபத்துக்காகவா? படிப்பும் வைத்தியமும் தடைப்பட்டால், அல்லது குடித்து அடிக்கிறவனிடமிருந்து பிள்ளையைக் காக்கவேண்டுமானால், தயங்காமல் போ; அது பாவமல்ல. 1987-ம் வருஷத்துச் சட்டப்படி பெண்களுக்கு இலவச சட்ட உதவியும் உண்டு. கோபம்தான் காரணமென்றால், கொஞ்சம் பொறுத்திரு.

எப்படி முடிவு செய்தாலும், "உன் அப்பன் செத்தவன்" என்று பிள்ளைக்குச் சொல்லாதே. தாய் தகப்பனைச் சங்கிக்கச் சொன்ன கற்பனை அவனுக்கும் உண்டு. இராத்திரி ஜெபமாலையில் தகப்பன் பேரையும் சொல்லி வேண்டட்டும்.

அண்டை வீட்டாரே, அவளைப் பற்றித் திண்ணையில் பேசுவதை விட்டு, செங்கல்பட்டு பஸ்ஸில் ஒருவர் துணைக்குப் போங்கள். தம் இரத்தமல்லாத பாலனைக் கைப்பாடுபட்டு வளர்த்த அர்ச். சூசையப்பர் இக்குடும்பங்களைக் காப்பாராக. ஆமென்.