மலை என்னும் சொல்லும் மலையாளும் மக்களும்

ஸ்ரீ:

நாமக்கல்லில் நரசிங்கப் பெருமாளை ஸேவித்தபின், எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து கொல்லிமலை ஏறும் யாத்ரிகர் சிலர், அங்குள்ள மக்கள் 'மலையாளிகள்' என்று கேட்டதும், கேரளத்திலிருந்து குடியேறியவர் என எண்ணிவிடுகின்றனர். அம்மக்கள் பேசுவதோ தமிழ். மலையை ஆள்பவர், மலையில் வாழ்பவர் என்பதே இங்கே அப்பெயரின் பொருள்.

'மலை' என்னும் சிறுசொல் நெடுந்தூரம் நடந்திருக்கிறது. கன்னடத்தில் 'மலெ' ஆகி மலெநாட்டுக்குப் பெயர் தந்தது. வடமொழியில் 'மலயம்' எனச் சந்தனம் கமழும் தென்மலையைக் குறித்தது. மேற்குக் கரையில் ஒரு மொழியின் பெயருக்கே முதலுறுப்பாயிற்று. அரேபிய, பாரசீக வணிகர் வழக்கில் 'பார்' என்னும் ஈறு சேர்ந்து 'மலபார்' ஆயிற்று. அதைக் கேட்ட ஐரோப்பியர் தமிழையும் மலபார் மொழி என்றனர். 1578இல் கொல்லத்தில் அச்சேறிய தமிழ் நூலின் முகப்பிலும் அப்பெயர் உண்டு. இலங்கையில் 19ஆம் நூற்றாண்டிலும் ஆங்கிலேயர் தமிழரை அப்பெயராலேயே எழுதினர். ஸ்ரீவைஷ்ணவர் வாக்கிலோ 'திருமலை' என்றால் திருவேங்கடமே.

இவற்றுள் எது முடிந்த பொருள்? எச்சொல்லும் தான் சுட்டும் பொருளோடு நில்லாது, அதற்கு உயிராய் உள்ளுறையும் பரமாத்மாவளவும் செல்லும் என்று வேதார்த்த ஸங்க்ரஹத்தில் நிலைநாட்டினார் எம்பெருமானார். அவ்வாறாயின், மலை என்னும் சொல் கல்லையும் காட்டையும் மக்களையும் சொல்லி, முடிவில் அவர்களுள் நிற்கும் அந்தர்யாமியையே சொல்லுகிறது.

காஞ்சியிலிருந்து உடன்பிறந்தார் மூவர் கரிராமனைத் தம்மோடு எழுந்தருளச் செய்து மலைகளை அடைந்தனர், அவர் வழியினரே தாங்கள் என்பது மலையாளிகளிடையே வழங்கும் பழங்கதை. ஸம்ப்ரதாயத்தில் காஞ்சிக்குப் 'பெருமாள் கோயில்' என்றே பெயர் என்பதை அன்பர் அறிவர். சேரநாட்டில் அவதரித்துத் தமிழில் பாடிய குலசேகரப் பெருமாளும் தம்மைக் கொல்லியின் காவலராகவே சொல்லிக்கொண்டார். இன்று மலையாளம் பேசும் நாட்டையும் தமிழ் பேசும் இம்மலையாளிகளையும் அவ்வாழ்வார் ஒருவரிலேயே சேர்த்துக் காணலாம்.

ஆதலின், மலையேறும் அன்பர் அங்கே மிளகும் தேனும் விலைபேசுகையில், எதிர்நிற்பவரை அயலாராகவும் தாழ்ந்தவராகவும் கருதி ஒருமையில் அழைத்தல் தகாது. அடியாரிடத்தில் பிறப்பை ஆராய்வது பெரும் பாகவதாபசாரம் என்பர் பூர்வாசார்யர்கள். கோயிலில் கைகூப்பி வணங்கிய பெருமான் மலைச்சந்தையிலும் நிற்கிறான். அங்கே அவனுக்குச் செய்யும் ஆராதனம், 'வாருங்கள்' என்னும் ஒரு சொல்.