கள்வனிடம் களவு

கள்வனின் பொருளைக் கவர்வது களவு ஆகுமா? கேட்ட அளவில் இஃது எளிய வினாவாகவே தோன்றும். 'ஆகாது' என்று உள்ளம் உடனே விடை சொல்லும். வஞ்சகன் வஞ்சிக்கப்பட்டான் என்று கேள்விப்பட்டால் நாம் வருந்துவதில்லை. சற்று மகிழவும் செய்கிறோம். அந்த மகிழ்ச்சி அறத்தின்பால் எழுவதா, அன்றி அறத்தின் வேடம் பூண்டு வரும் வேறொன்றா என்பதே இங்கு நாம் ஆராய விரும்புவது. அதற்குத் துணையாக ஜப்பானியத் திரைப்படம் ஒன்றை எடுத்துக்கொள்வோம்.

1995ஆம் ஆண்டில் வெளிவந்த அப்படத்தின் பெயர் 'கோனின்'. 'ஐந்து பேர்' என்பது அதன் பொருள். எழுதி இயக்கியவர் தகாஷி இஷீ. சித்திரக் கதைகள் வரைந்து, பின்னர்த் திரைத்துறைக்கு வந்தவர். கதையின் ஐவரும் சமுதாயத்தின் ஓரத்துக்குத் தள்ளப்பட்டவர்கள். பண்டாய் நடன விடுதி நடத்துபவன். யாக்குசா என்னும் வன்முறைக் கும்பலிடம் பட்ட கடனில் மூழ்கியவன். ஹிசு காவல்துறையில் இருந்து வீழ்ந்தவன். ஜிம்மி முன்னாளில் குத்துச்சண்டை வீரன். இந்நாளில் இழிதொழிலால் வயிறு வளர்ப்பவன். மித்சுயா ஆண்களை விரும்பும் இளைஞன். அத்தகைய ஆடவரை அச்சுறுத்திப் பணம் பறிப்பவன். ஒகிவாரா வேலை பறிபோன அலுவலகப் பணியாளன். இந்த ஐவரும் கூடிக் கும்பலின் பணத்தைக் கொள்ளையிடுகின்றனர். கும்பல் கூலிக் கொலைஞரை ஏவுகிறது. ஐவரும் ஒருவர் பின் ஒருவராக வீழ்கின்றனர்.

படம் பிறந்த காலத்தை எண்ணினால்தான் இக்கதையின் துயரம் முழுமையாக விளங்கும். 1989ஆம் ஆண்டின் இறுதி வணிக நாளில் டோக்கியோ பங்குச் சந்தையின் நிக்கேய் குறியீட்டெண் 38,915 என்னும் உச்சத்தைத் தொட்டது. 1992 ஆகஸ்டில் அது 15,000க்கும் கீழே சரிந்தது. பழைய உச்சத்தை அது மீண்டும் கடந்தது 2024 பிப்ரவரியில்தான். பெரிய நிறுவனத்தில் சேர்ந்தவன் ஓய்வு பெறும் வரை அங்கேயே இருப்பான் என்பது அதுகாறும் அந்நாட்டின் எழுதாச் சட்டமாக இருந்தது. அச்சட்டம் முறிந்தது. 'ரிசுதோரா' என்னும் சொல் வழக்கில் பரவிற்று. மறுசீரமைப்பு என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லைக் குறுக்கி, ஆட்குறைப்பு என்னும் பொருளில் மக்கள் வழங்கிய சொல் அது. தன் நிறுவனத்தின் பெயரையே தன் முகவரியாகக் கொண்டு வாழ்ந்த ஒருவன், ஒரு நாள் காலையில் பெயரற்றவன் ஆனான். ஒகிவாரா அத்தகையோருள் ஒருவன்.

இனி நம் வினாவுக்கு வருவோம். ஐவர் கவர்ந்தது நல்லவர் உழைத்துச் சேர்த்த பொருள் அன்று. கடன் கொடுத்து மென்னியை முறித்தவர்களின் பணம். சூதாலும் மிரட்டலாலும் சேர்ந்த பணம். இழந்தவர்கள் நீதிமன்றம் செல்லவும் முடியாது. செல்லும் தகுதியும் அவர்களுக்கு இல்லை. அவ்வாறாயின் குற்றம் எங்கே இருக்கிறது என்று ஒருவர் கேட்கலாம்.

இவ்வாறு கேட்பது ஜப்பானியருக்குப் புதிதும் அன்று. 'எலிச் சிறுவன்' என்று பொருள்படும் நெசுமி கோசோ என்னும் பட்டப்பெயர் பெற்ற திருடன் ஒருவன் எதோ நகரில் வாழ்ந்தான். பிரபுக்களின் மாளிகைகளில் புகுந்து திருடிய அவன் 1832இல் தலை துணிக்கப்பட்டான். செல்வரிடம் கவர்ந்ததை அவன் ஏழையர்க்கு ஈந்தான் என்று கதை வளர்ந்தது. 1857இல் மொகுவாமி என்னும் நாடக ஆசிரியர் அவனைக் கபுகி மேடையில் ஏற்றினார். டோக்கியோவின் எகோயின் ஆலயத்தில் உள்ள அவன் கல்லறையில், நற்பேறு வேண்டிக் கல்லைச் சுரண்டி எடுத்துச் செல்வோர் இன்றும் உண்டு. அவன் ஏழையர்க்கு ஈந்தான் என்பதற்குச் சான்று இல்லை என்பதே ஆய்வாளர் கருத்து. ஆயினும் மக்கள் அவனை வள்ளல் ஆக்கினர். கொடியவனைக் கொள்ளையிட்டவன் நல்லவனாகவே இருத்தல் வேண்டும் என்னும் ஏக்கம் சான்றுகளுக்காகக் காத்திருப்பதில்லை.

இதே ஏக்கத்தை யாக்குசாக்களும் தமக்குத் துணையாகக் கொண்டனர் என்பது சிந்திக்கத்தக்கது. 'நலிந்தோரைக் காக்கும் வீரர் யாம்' என்று அவர்கள் தம்மைச் சொல்லிக்கொள்வது நெடுநாள் வழக்கம். 'கோனின்' வெளிவந்த அதே 1995இல், ஜனவரித் திங்களில் கோபே நகரை நிலநடுக்கம் அழித்தபோது, அந்நகரைத் தலைமையிடமாகக் கொண்ட யமகுச்சி குமி என்னும் கும்பல் மக்களுக்கு உணவு வழங்கியது. பசித்தவர் உண்டனர், அது மெய். அந்த உணவு எவருடைய பணத்தால் வந்தது என்பதும் மெய்.

ஆகவே நாம் முதலில் கேட்க வேண்டியது, 'இழந்தவன் தீயவனா?' என்பது அன்று. 'அந்தப் பணம் உண்மையில் எவருடையது?' என்பதே. கும்பலின் பெட்டகத்தில் இருந்த பணம் கும்பலின் பணம் அன்று. அது பாதுகாப்புப் பணம் என்ற பெயரில் கடைக்காரரிடம் பறித்தது. கடனாளியின் வீட்டை விற்றுக் கொண்டது. பெண்களின் உடலை விற்றுத் திரட்டியது. படத்தில் ஜிம்மியின் காதலி தாய்லாந்துப் பெண். 1980களிலும் 1990களிலும் தாய்லாந்திலிருந்து ஜப்பானுக்குக் கொண்டுவரப்பட்ட பெண்கள் பலரின் கடவுச்சீட்டுகள் பறிக்கப்பட்டன. வாங்காத பெருங்கடன் அவர்கள் தலையில் எழுதப்பட்டது. அதைத் தீர்க்கும் வரை அவர்கள் அடிமைகளாக இருந்தனர். அத்தகைய பெண் ஒருத்தியின் பக்கம் நின்று பார்ப்போம். நேற்று வரை அவள் பணம் கும்பலின் பெட்டகத்தில் இருந்தது. இன்று ஐவரின் பையில் இருக்கிறது. அவளுக்கு என்ன வேறுபாடு? ஒரு யென்னும் அவளிடம் திரும்பவில்லை. பெட்டகம் மாறிற்று, கணக்கு மாறவில்லை. கள்வனிடம் களவு செய்தவன் கள்வனுக்கு மட்டும் தீங்கு செய்யவில்லை. முன்பு பறிகொடுத்தவரை இரண்டாம் முறையும் பறிகொடுக்கச் செய்கிறான்.

வள்ளுவர் கள்ளாமையைத் துறவறவியலில் வைத்ததை இங்கு நினைவு கூர்வது தகும். களவின் வேர் கையில் இல்லை, நினைவில் இருக்கிறது என்பது அவர் கொள்கை. பிறன்பொருள் என்று கூறும் அவர், அந்தப் பிறன் நல்லவனா தீயவனா என்று பகுத்துக் கூறவில்லை. பகுக்கத் தொடங்கினால், தான் கவர விரும்பும் பொருளுக்கு உரியவனைத் தீயவன் என்று நிறுவுவது எவருக்கும் கடினமன்று.

இனி, செயலின் பயன் எங்கே சென்று நிற்கிறது என்பதையும் பார்த்தல் வேண்டும். பழிவாங்க வரும் துப்பாக்கி, கொள்ளையில் பங்கு கொண்டவர் யார், கொள்ளாதவர் யார் என்று கேட்பதில்லை. இருபது ஆண்டுகள் கழித்து, 2015இல், இஷீயே இக்கதையின் தொடர்ச்சியாக ஒரு படம் எடுத்தார். அதில் அந்தக் கொள்ளையை ஒட்டி மாண்ட கும்பல்காரர்களின் பிள்ளைகள் வளர்ந்து நிற்கின்றனர். தந்தையரின் சாவு அவர்கள் வாழ்வின் மேல் நிழலாகக் கவிந்திருக்கிறது. தீயவனுக்கும் பிள்ளை உண்டு. இதனைக் கொள்ளை நாளில் எவரும் கணக்கில் கொள்ளவில்லை.

இவ்வாறு கூறுவதால் அந்த ஐவரையும் வெறுத்து ஒதுக்கிவிட்டு நாம் தூயவராக எழுந்து செல்லலாம் என்பது பொருள் அன்று. கொள்ளைக்குப் பின் ஒகிவாரா வீடு திரும்புகிறான். மனைவி மக்களோடு மகிழ்ந்து உரையாடுகிறான். அவர்கள் முன்னரே அவன் கையாலேயே மாண்டவர்கள் என்பது பின்புதான் நமக்குப் புலனாகிறது. இனி எந்தப் பணம் வந்தும் அவனுக்குப் பயன் இல்லை. கொலைக்கு அவனே பொறுப்பு, அதில் ஐயமில்லை. ஆயின், அவன் உள்ளம் உடைந்துகொண்டிருந்த நாட்களில் அவனோடு இருந்து பேசியவர் யார்? அவனை வெளியேற்றிய நிறுவனம் சட்டத்தை மீறவில்லை. அண்டை வீட்டார் சட்டத்தை மீறவில்லை. எவரும் எதையும் திருடவில்லை. அவ்வாறிருந்தும் ஒரு குடும்பம் அழிந்தது.

யாக்குசா என்னும் சொல்லின் பிறப்பை இங்குக் கூறலாம். ஜப்பானியச் சீட்டாட்டம் ஒன்றில் எட்டு, ஒன்பது, மூன்று என்னும் மூன்று சீட்டுகள் சேர்ந்தால் கூட்டுத்தொகை இருபது. அந்த ஆட்டத்தில் கடைசி இலக்கத்துக்கு மட்டுமே மதிப்பு உண்டாதலின், கையில் எஞ்சுவது சுழியம். அந்த மூன்று எண்களின் ஒலியே யா, கு, சா. ஒன்றுக்கும் உதவாதவர் என்பது கருத்து. கும்பலும் சுழியம் எனப்பட்டோரின் கூட்டம். அதைக் கொள்ளையிட்ட ஐவரும் சுழியம் எனத் தள்ளப்பட்டோர். சுழியத்திலிருந்து சுழியத்தைக் கழித்து எவரும் செல்வர் ஆனதில்லை.

ஆயினும் இஷீ தம் படத்துக்கு வைத்த பெயர் வேறு. ஜப்பானிய மொழியில் விலங்குகளை எண்ணும் சொல் வேறு, பொருள்களை எண்ணும் சொல் வேறு. 'நின்' என்பது மக்களை எண்ணும் சொல். 'கோனின்' என்னும்போது அவர் அவர்களை மக்களாக எண்ணுகிறார். அவர்கள் செய்தது களவுதான். ஆயினும் செய்தவர்கள் மனிதர்கள். இவ்விரண்டையும் ஒருசேர ஏற்பதே அறத்தின் கடினமான பகுதி என்று நமக்குத் தோன்றுகிறது.

பிழைப்பின் பொருட்டு ஊர்விட்டு வந்து, உற்றார் அருகின்றி, மாதச் சம்பளத்தையே நிழலாகக் கொண்டு வாழும் நம் போன்றோர்க்கு இது அயல்நாட்டுக் கதை மட்டும் அன்று. வேலை இழந்த ஒருவர் அதனை வெளியே சொல்ல நாணித் தம் வீட்டுக் கதவை மூடிக்கொள்வது எந்நகரிலும் நிகழக்கூடியது. விழாவுக்கு வந்தவர்களை எண்ணுவது போலவே, வராதவர்களையும் நம் சங்கங்கள் எண்ணுதல் வேண்டும். சென்ற ஆண்டு வந்து இவ்வாண்டு வராத குடும்பம் எது என்று கேட்டு, அந்தக் கதவைத் தட்டுவோமாக.