பக்கக் கிளைகள்

எது மரம் என்ற கேள்விக்குத் தமிழில் ஒரு பழைய விடை உண்டு. வயிரம் உள்ளே இருந்தால் மரம், வெளியே இருந்தால் புல் என்கிறது தொல்காப்பிய மரபியல். அந்தக் கணக்கில் பனையும் தென்னையும் மூங்கிலும் புல். பிற்கால நிகண்டுகள் இன்னும் ஓரடி முன்னே போயின. அகவயிரம் உள்ளது ஆண்மரம், புறவயிரம் உள்ளது பெண்மரம். வயிரமே பாயாததற்கு அவை வைத்த பெயர், இன்று நாம் உச்சரிக்கக் கூசும் ஒரு சொல். வகுப்பில் இந்த இடம் வரும்போதெல்லாம் மாணவிகள் சிரிப்பார்கள். சிரித்து முடித்ததும் ஒருத்தியாவது கேட்பாள்: “பூவையும் காயையும் விட்டுட்டு எதுக்கு மிஸ் வயிரத்தைப் பார்த்தாங்க?” உத்தரத்துக்கும் ஏருக்கும் எது உதவும் என்று மரத்தைச் சுற்றி வந்தவர்கள் போட்ட பிரிவு அது என்பேன். வெட்டப்போகிறவரின் கண் அது.

அந்தக் கண் இன்று வேறொன்றைத் தேடுகிறது. எங்கள் பக்கத்தில் மரத்தை வயிரம் பாய விடுவதில்லை. காவிரிக்கரையில் பள்ளிபாளையத்தில் 1960களிலிருந்து சேஷசாயி காகித ஆலை ஓடுகிறது. ஆற்றுக்கு அக்கரையில், புகழூர்ப் பக்கம், 1980களில் வந்த தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் கரும்புச் சக்கையைப் பெரிதும் நம்பித் தொடங்கப்பட்டது. அதற்கும் மரக்கூழ் வேண்டும். காட்டு மரத்தை ஆலைகளுக்கு மலிவாகக் கொடுத்த காலத்தை 1988ஆம் ஆண்டின் தேசிய வனக் கொள்கை முடித்துவைக்கப் பார்த்தது. தேவையான மரத்தை விவசாயிகளோடு நேரடியாக உறவு வைத்து வளர்த்துக்கொள்ளுங்கள் என்று ஆலைகளுக்குச் சொன்னது. அதே ஆண்டில்தான் கோயம்புத்தூரில் வன மரபியல் மற்றும் மரப்பெருக்கு நிறுவனம் உருவானது. 2008இல், மேட்டுப்பாளையம் வனக்கல்லூரியின் தலைமையில் ஆலைகளையும் உழவர்களையும் இணைக்கும் தொழில்சார் வேளாண்காடு வளர்ப்புத் திட்டம் தொடங்கியது. சவுக்கு, மலைவேம்பு, தைலமரம் என்று வரிசையாக ரகங்கள் வந்தன. கன்றையும் தந்து, இந்த விலைக்கு எடுத்துக்கொள்கிறோம் என்று ஒப்பந்தமும் போட்டார்கள். காட்டை வெட்டாமல் காகிதம் செய்ய வழி தேடிய ஆராய்ச்சி இது. அதை இளக்காரமாகப் பேச எனக்கு வாய் வரவில்லை. இந்தக் கட்டுரை அச்சாகும் தாளே அப்படி ஒரு சவுக்கிலிருந்து வந்திருக்கலாம்.

சவுக்கில் நல்ல ரகம் எது என்று எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள்? உயரம், சுற்றளவு, நேரான தண்டு, கொப்புளப்பட்டை நோயைத் தாங்கும் திறன். இவற்றோடு இன்னொன்றும் உண்டு: மெல்லிய, குறைவான பக்கக் கிளைகள். ஆலைக்குக் காசு தண்டில்தான் இருக்கிறது. கிளைக்குப் போகும் வளர்ச்சி அதற்கு நஷ்டம். இந்தோனேசியத் தீவுகளின் சவுக்கையும் நம் கடற்கரைச் சவுக்கையும் கலந்து கோவையில் உருவாக்கிய ரகங்கள் இந்தக் கணக்கில் தேறியவை. மூன்று ஆண்டுகளில் வெட்டுக்கு வந்துவிடுகின்றன.

மோகனூர்ப் பக்கம் ஒரு வெட்டை அரைநாள் நின்று பார்த்தேன். ஆண்கள் ரம்பத்தால் சாய்த்துக்கொண்டே போக, பின்னால் பெண்கள் கிளை கழித்தார்கள், பட்டை உரித்தார்கள். உரித்த தண்டு லாரிக்கு. கூலி போக, மிலாறும் பட்டையும் அவர்கள் தலைச்சுமைக்கு. எத்தனையோ வருஷமாக நடக்கும் ஏற்பாடு. எந்தத் தாளிலும் எழுதியிராதது. அவர்களில் மூத்தவர், அடுத்த வயலில் சிலாகை மாதிரி நின்ற புது ரகச் சவுக்கைக் காட்டினார். “பாருங்க டீச்சர், எவ்வளவு நேரா வளந்திருக்குது. அதுல நம்மளுதுன்னு என்ன இருக்குது? கொப்பு இருந்தாத்தானுங்க நம்மளுது.”

நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். ஒரே மரத்தில் இரண்டு சொத்து இருக்கிறது. தண்டு ஒருவருக்கு, கிளை இன்னொருவருக்கு. ஆராய்ச்சி ‘மேம்பட்ட மரம்’ என்று சொல்லும்போது அது தண்டுக்காரரின் மொழி. கிளை கழிவாகிவிடுகிறது. அந்தக் கழிவுக்கும் இப்போது ஆராய்ச்சி வந்துவிட்டது. தோட்டத்தில் மிஞ்சுவதை அரைத்து, அழுத்தி, எரிகட்டியாக்கி விற்கும் வழியையும் அதே திட்டம் வளர்த்தது. பெண் தலையில் இருக்கும்வரை அது கழிவு. எந்திரத்துக்குள் போனதும் மதிப்புக்கூட்டல்.

உழைப்பைக் கலந்தவருக்கே பொருள் சொந்தம் என்று 1689இல் வெளிவந்த நூலில் வாதாடியவர் ஜான் லாக். சொத்துரிமை பற்றிப் பேசும் எல்லாரும் அவரிடம் போய் நிற்பார்கள். ஆனால் அதே இடத்தில், தன் வேலையாள் வெட்டிய புல்கரணும் தனக்கே சொந்தம் என்று அவர் கூச்சமில்லாமல் சேர்த்துக்கொள்கிறார். வேலையாளின் கை, எஜமானின் கையாகிவிடுகிறது. நாற்றங்காலில் இதைக் கண்ணால் பார்க்கலாம். வெட்டி வெட்டியே இடுப்புயரத்தில் வைத்திருக்கும் செடிகளிலிருந்து துளிர்க்கொத்தைக் கிள்ளி, வேர் மருந்தில் தோய்த்து, குழல்தட்டில் ஊன்றுவது பெரும்பாலும் பெண்கள்தான். எந்தத் துளிர் வேர்விடும், எது அழுகும் என்பது அவர்கள் விரலுக்குத் தெரியும். ரகத்தின் பெயரில் நிறுவனம் இருக்கும், விஞ்ஞானி இருப்பார், விரல் இருக்காது. (அந்தச் செடிக்குத் தாய்ச்செடி என்று பெயர். சில ரகங்களில் அது ஆண்மரத்திலிருந்து எடுத்தது. மரமாக விடாமல் கிள்ளிக்கொண்டே இருந்தால் ஆணும் தாய்தான் போலிருக்கிறது.)

“அப்படியானால் பெண்கள் காலமெல்லாம் சுள்ளி பொறுக்க வேண்டுமா?” என்று ஒரு மாணவி கேட்டாள். சரியான கேள்வி. என் அம்மாயி அடுப்பூதியே இருமியவர். புகைக்குக் காவியம் பாட நான் தயாரில்லை. 2016இலிருந்து இலவச எரிவாயு இணைப்பு வந்தது நல்லதுதான். ஆனால் அடுத்த உருளைக்குப் பணம் வேண்டும். பணத்துக்குக் கூலி வேண்டும். குச்சிக்கிழங்கு போட்ட நிலத்தில் களை வெட்டு, கிழங்கு வெட்டு என்று மாறிமாறிப் பெண்களுக்கு வேலை இருந்தது. சவுக்கு வைத்தால் முதல் வருஷத்துக்குப் பிறகு நிலம் யாரையும் கூப்பிடுவதில்லை. ஆள் கிடைக்கவில்லை என்பதற்காகத்தான் பலர் மரத்துக்கே மாறுகிறார்கள். அந்த ‘ஆள்’ யார் என்று சொல்ல வேண்டியதில்லை. விறகும் போய், விறகுக்குப் பதிலாக வந்ததை வாங்கும் கூலியும் போவதை முன்னேற்றம் என்று சொல்ல, இழக்காதவரால்தான் முடியும்.

ஒப்பந்தம் பட்டாவைப் பார்க்கிறது. 1989இல் தமிழ்நாடு மகள்களுக்கும் கூட்டுக்குடும்பச் சொத்தில் பங்கு தந்தது. அதற்கு முன் மணமானவர்களை விட்டுவிட்டது. 2005இல் மத்தியச் சட்டம் அந்தத் தடையை எடுத்தது. எடுத்த பிறகும், அண்ணனுக்கு விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போடாத தங்கையை எங்கள் ஊர்களில் எளிதில் மன்னிப்பதில்லை. மோகனூரில் கிளை கழித்தவர்களுக்கோ அப்பன் வழியில் பங்கு கேட்க நிலமே இல்லை. எந்தத் திருத்தமும் அவர்கள் பக்கம் வரப்போவதில்லை.

வேறு மாதிரியும் செய்ய முடியும். 1980களின் இறுதியில் ருவாண்டாவில், அவரை ரகங்களை வெளியிடும் முன்பே, அனுபவப்பட்ட உழவுப் பெண்களை ஆய்வு நிலையத்துக்கு அழைத்து, வயலில் நடக்கவிட்டுத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். அவர்கள் எடுத்த ரகங்கள் விஞ்ஞானிகள் எடுத்தவற்றைவிட அவர்களுடைய மண்ணில் நன்றாகக் காய்த்தன. இரக்கப்பட்டுக் கூப்பிட்டதாக யாரும் அதைச் சொல்ல முடியாது, ஆராய்ச்சிக்கே லாபம்.

உங்களைக் கேட்டால் எந்த மாதிரி மரம் வேண்டும் என்பீர்கள் என்று மோகனூரில் கேட்டேன். பட்டை உரித்துக்கொண்டே சண்டை போட்டார்கள். ஒருவர், தண்டும் நேராக இருக்கட்டும், வரப்போரத்தில் நாலு வரிசை மட்டும் எங்களுக்குக் கொப்புள்ளதாக வைக்கட்டும் என்றார். இன்னொருவர் கொப்பும் வேண்டாம், அந்த விலைக்குக் கூலியை ஏற்றட்டும் என்றார். மூத்தவர் இரண்டுக்கும் ஒப்பவில்லை. மரமே வேண்டாம், குச்சிக்கிழங்கே போடட்டும் என்றார். லாரி வந்து நின்றதும் மூவரும் எழுந்து போனார்கள்.