பழைய பெட்டியை மாற்றலாமா?

நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் ஒரு சாமானை, அதைவிட மேலான ஒன்று வந்துவிட்டது என்ற ஒரே காரணத்துக்காக மாற்றுவது நியாயந்தானா? வாங்குகிறவன் இதைத் தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். விற்கிறவனும் கேட்டுக்கொள்ள வேண்டுமா என்பதுதான் நான் இங்கே எழுத எடுத்துக்கொண்ட விஷயம். மதரஸாவிலும் தொடக்கப் பள்ளியிலும் ஓதிப் படித்ததோடு கடைக்கு வந்தவன் நான். பெரிய நூல்களைக் காட்டிப் பேச எனக்கு வராது. ஆகையால் என் கடையில் அடிக்கடி விசாரிக்கப்படும் ஒரு சாமானை வைத்தே பேசுகிறேன்.

நான் மின்சாமான் வியாபாரம் செய்கிறவன். விசிறி, ரைஸ் குக்கர், வயர், பல்பு இவைதாம் பெரும்பாலும் ஓடும். கேட்பவர்களுக்கு ரிசீவரும் ஸ்பீக்கரும் வரவழைத்துக் கொடுப்பதுண்டு. ரிசீவர் என்பது, நம்மவர் பலருடைய வீட்டுக் கூடத்தில் தொலைக்காட்சிக்குக் கீழே கறுப்பாக, கனமாக உட்கார்ந்திருக்கும் பெட்டி. படம் ஓட்டும் கருவிகளிலிருந்து ஒலியை வாங்கி, எந்த ஸ்பீக்கருக்கு எது போக வேண்டுமோ அதைப் பிரித்து, வலுவேற்றி அனுப்புவது அதன் வேலை. முன்னால் மூன்று, பின்னால் இரண்டு, அடித்தொனிக்கென்று ஒன்று, ஆக ஆறு ஸ்பீக்கர்களை அது ஆள்கிறது. 2005க்கும் 2010க்கும் இடையில் இதை ஆசையாக வாங்கிப் பூட்டியவர்கள் அநேகர். அவர்கள்தாம் இப்போது வந்து, "நானா, பெட்டி பழசாகிவிட்டது, புதுசு போட்டுவிடலாமா?" என்று கேட்கிறார்கள்.

பழசாகிவிட்டது என்றால் என்ன? தராசு இருபது வருஷமானாலும் தராசுதான். நாட்காட்டியோ ஜனவரி பிறந்த மறுநிமிஷம் பழசு. அந்தப் பெட்டிக்குள் இந்த இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன. ஒலிக்கு வலுவேற்றும் பகுதி தராசைப் போன்றது. அந்தக் கலையில் இருபது வருஷத்தில் பெரிய மாறுதல் ஒன்றும் இல்லை. வரும் ஒலி எந்த வகையில் கட்டப்பட்டது என்று கண்டு பிரிக்கும் பகுதிதான் நாட்காட்டி. 1992ல் டால்பி டிஜிட்டல் திரையரங்குக்கு வந்தது. அடுத்த ஆண்டே டி.டி.எஸ். வந்தது. படத்தையும் ஒலியையும் ஒரே கம்பியில் கொண்டுபோகும் எச்.டி.எம்.ஐ. 2002 கடைசியில் அறிவிக்கப்பட்டது. தலைக்கு மேலிருந்தும் ஒலி வரச்செய்யும் அட்மாஸ் 2012ல் திரையரங்குகளுக்கு வந்து, 2014ல் வீட்டுக்குள் நுழைந்தது. ரஜினிகாந்தின் சிவாஜி படம் 2012ல் முப்பரிமாணமாக மறுபடி வெளியானபோது அந்த ஒலியோடுதான் வந்தது. 2017ல் எச்.டி.எம்.ஐ.யின் 2.1ஆம் பதிப்பு வந்தது. இப்படி நாட்காட்டி கிழிந்துகொண்டே போகிறது. தராசு அப்படியே இருக்கிறது.

ஆனால் கடையில் காட்டப்படுவதோ பெரும்பாலும் தராசுதான். "உங்கள் பழைய பெட்டி 80 வாட், இது 100 வாட்" என்று சொல்லி விற்கிறார்கள். எடைக்கல்லோடு வாழ்கிற நமக்கு இந்தக் கணக்கு தெரிந்திருக்க வேண்டும். 80 வாட் 100 வாட் ஆனால் சத்தம் கால்வாசி கூடும் என்று தோன்றும். உண்மையில் கூடுவது ஏறத்தாழ 1 டெசிபெல்தான். காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாலும் அதைக் கண்டுபிடிப்பது கஷ்டம். வாட்டை இரட்டிப்பாக்கினாலும் 3 டெசிபெல்தான் ஏறும். ஒலி இருமடங்கானதாகக் காதுக்குத் தோன்ற வேண்டுமானால் பத்து மடங்கு வாட் வேண்டும். வீட்டுக் கூடத்தில் சாதாரணமாகப் படம் பார்க்கும்போது ஒரு ஸ்பீக்கருக்கு ஓடுவது பெரும்பாலான நேரம் ஒன்றிரண்டு வாட்தான் என்று சொன்னால் நம்ப மறுக்கிறார்கள்.

அந்த 100 வாட்டும் எந்தக் கல்லில் நிறுத்தது என்று பார்க்க வேண்டும். ஒரே ஒரு ஸ்பீக்கரை ஓட்டி, ஒரே ஒரு சுருதியில், பத்து சதவீதம் கரகரப்பை அனுமதித்து அளந்தால் ஒரு எண் வரும். இரண்டு ஸ்பீக்கரை ஓட்டி, காது கேட்கும் தொனி முழுவதிலும், நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவான கரகரப்போடு அளந்தால் அதைவிட எவ்வளவோ சிறிய எண் வரும். அட்டைப்பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் இருப்பது முதல் எண். கையேட்டின் பின்பக்கத்துச் சிறிய எழுத்தில் இருப்பது இரண்டாவது. இரண்டும் பொய்யில்லை. ஆனாலும் முதல் எண்ணைக் காட்டி இரண்டாவதை மறைக்கிறவன், அரிசியை ஈரத்தோடு நிறுத்துக் கொடுக்கிறவனுக்குத் தம்பி முறை ஆகிறான் என்பது என் எண்ணம்.

சரி, எப்போதுதான் மாற்றுவது? சூடேறிப் பாதியில் அணைந்துபோனால், ஸ்பீக்கர்களில் இரைச்சல் நிற்காமல் கேட்டால், முதலில் பழுது பார்ப்பவரிடம் காட்ட வேண்டும். பல சமயம் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர்கள் உஷ்ணத்தில் வற்றிப் போயிருக்கும். அவை சில்லறைக் காசுச் சாமான். கோலாலம்பூர் ஜாலான் பசாரிலும் சிங்கப்பூர் சிம் லிம் டவரிலும் இத்தகைய உதிரிகள் விற்பவர்கள் உண்டு. கூலிதான் கூட வரும். பெட்டியின் தலைமேல் மேசை விரிப்பைப் போட்டு, அதன்மேல் பூச்சாடியும் வைக்கிறவர்கள் நம் வீடுகளில் அதிகம். காற்று இல்லாமல் அது வெந்துதான் சாகிறது. இதைச் சொன்னால் வீட்டில் யாருக்கும் பிடிப்பதில்லை.

புதிய 4கே தொலைக்காட்சி வாங்கியபின் பழைய ரிசீவர் வழியாகப் படம் வரவில்லை என்பது இன்னொரு குறை. அது மெய்தான். பழைய பெட்டி அந்தப் படத்தைக் கடத்தாது. படக்கம்பியை நேரே தொலைக்காட்சியில் பூட்டி, அதிலிருந்து ஒளிக்கம்பி வழியாக ஒலியை மட்டும் ரிசீவருக்குக் கொண்டுவந்தால் போதும், ஆறு ஸ்பீக்கரும் பேசும். அட்மாஸ் போன்ற கனத்த ஒலிவகைகள் அந்தக் கம்பியில் வரமாட்டா. அந்த ஒன்றுதான் நஷ்டம். அது பெரிய நஷ்டமா என்பது வீட்டைப் பொறுத்தது. அடுக்குமாடியின் கான்கிரீட் கூரையில் துளையிட்டு ஸ்பீக்கர் தொங்கவிடவோ, கூரையை நோக்கி ஒலிக்கும் ஸ்பீக்கர் வைக்கவோ மனமில்லாதவர் அட்மாஸ் பெட்டி வாங்குவது, பத்து மேசைக் கடைக்கு வாடகை கொடுத்துவிட்டு ஐந்து மேசை போட்டு உட்கார்ந்திருப்பது போலத்தான். "வசனம் காதில் விழவில்லை, ஆகவே மாற்றப்போகிறேன்" என்பவர்களிடம், நடு ஸ்பீக்கரின் அளவை மட்டும் 3 டெசிபெல் ஏற்றி ஒரு வாரம் பாருங்கள் என்கிறேன். பலர் திரும்பி வருவதில்லை. அதாவது, வாங்க வருவதில்லை.

இங்கேதான் வழக்கு தொடங்குகிறது. பக்கத்துத் தெருவில் நாற்பது வருஷமாகக் கடை நடத்தும் பெரியவர் ஒருவர் இதைக் கேள்விப்பட்டு என்னைக் கண்டித்தார். "தம்பி, வந்தவனுக்குச் சாமான் காட்டுவது உம் வேலை. புத்தி சொல்வது அவன் வாப்பா வேலை" என்றார். அவர் பேச்சில் நியாயம் இல்லாமல் இல்லை. கடைக்கு வாடகை உண்டு, இரண்டு பையன்களுக்குச் சம்பளம் உண்டு. எல்லா வியாபாரியும் இருப்பதே போதும் என்று சொல்லி அனுப்பினால் யார் பிழைப்பது? பிறகு அவர் இன்னொன்றும் கேட்டார். "அவனுடைய ஆசையை நிறுத்துப் பார்க்க நீர் யார்? ராத்திரி பதினோரு மணி வரை கடையில் நின்றுவிட்டு வருகிறவன், வாரத்தில் ஒருநாள் பிள்ளைகளோடு படம் பார்க்கிறான். அதற்கு ஒரு புது சாமான் வாங்கினால் வீண்விரயமா?"

இந்தக் கேள்வி என்னைப் பல நாள் யோசிக்க வைத்தது. கணக்குப் போட்டும் பார்த்தேன். 1,400 வெள்ளிக்கு ஒரு பெட்டி வாங்கி ஏழு வருஷம் வைத்திருந்தால் வருஷத்துக்கு 200 வெள்ளி. வருஷத்தில் ஐம்பது சனிக்கிழமை என்றால் ஓர் இரவுக்கு நாலு வெள்ளி. குடும்பத்தோடு திரையரங்குக்குப் போகிற செலவை நினைத்தால் இது ஒன்றுமேயில்லை. ஆகவே வாங்குகிறவனை ஊதாரி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சந்தோஷமும் மனிதனுக்கு ஒரு தேவைதான் என்பதைப் பெரியவரிடம் ஒப்புக்கொண்டேன்.

ஆனால் ஒன்றை மட்டும் ஒப்பவில்லை. "எனக்கு இது வேண்டும், விலை என்ன?" என்று கேட்கிறவன் என் சரக்கைக் கேட்கிறான். அவனுக்கு விலையைச் சொல்லி, சிரித்த முகத்தோடு கட்டிக் கொடுத்துவிடலாம். "இதை மாற்றத்தான் வேண்டுமா?" என்று கேட்கிறவன் என் சரக்கைக் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்ததைக் கேட்கிறான். அந்த நேரத்தில் அவன் என்னிடம் ஒப்படைப்பது ஓர் அமானிதம். நகைக்கடையில் பழைய வளையலைக் கொடுத்து உரசிப் பார்க்கச் சொல்கிறவளிடம் தட்டான் பொய் சொன்னால் அதற்கு நாம் என்ன பெயர் வைப்போமோ, அதே பெயர்தான் இதற்கும். வாட் எண்ணைத் தூக்கிக் காட்டி நான் அவனுக்குப் பதில் சொன்னால், அவன் கேட்ட கேள்வியையே மாற்றி எடுத்துக்கொண்டவன் ஆகிறேன். பெரியவர் இதற்கு, "கேட்கிறவன் எப்படிக் கேட்கிறான் என்று காதைத் தீட்டிக்கொண்டா உட்கார்ந்திருப்பது?" என்றார். ஆமாம் என்றேன்.

இப்படி நடந்தால் வாடிக்கை பெருகும், ஒன்று போனால் பத்து வரும் என்று சிலர் ஆறுதல் சொல்வதுண்டு. சிலர் திரும்பி வந்திருக்கிறார்கள். சிலர் என்னிடம் யோசனை கேட்டுக்கொண்டு போய் அடுத்த கடையில் புதுப் பெட்டி வாங்கியதையும் பார்த்திருக்கிறேன். லாபம் வரும் என்பதற்காகச் சொல்லும் உண்மை, லாபம் நின்றால் நின்றுபோகும். ஆகையால் அந்தக் கணக்கை நான் பேரேட்டில் எழுதுவதில்லை.

பழையதைப் பிடித்துக்கொண்டிருப்பவர்கள் எல்லோரும் சிக்கனக்காரர்கள் என்றும் எண்ணிவிடக் கூடாது. ஒரு வீட்டில் படம் பார்க்க மூன்று ரிமோட்டை வரிசையாக அமுக்க வேண்டும். அந்த வரிசை வீட்டுக்காரருக்கு மட்டுமே தெரியும். அவர் கடையில் இருக்கும்போது அவருடைய வயதான உம்மா செய்திகூடக் கேட்க முடியாமல் உட்கார்ந்திருப்பார். வீட்டுக்காரரோ பதினாறு வருஷப் பெட்டி என்று வந்தவர்களிடம் பெருமை பேசுவார். புதிய ரிசீவராக இருந்தால் தொலைக்காட்சியை ஏற்றிய உடனே தானும் எழுந்துகொள்ளும், ஒரே ரிமோட் போதும். அவரிடம் நானாகவே மாற்றச் சொன்னேன். தன் பெருமைக்காகப் பிறரை இருட்டில் உட்கார வைக்கிறவன் மிச்சம் பிடிக்கிறதாகச் சொல்லிக்கொள்ள முடியாது.

மாற்றினால் பழையது எங்கே போகும்? சிங்கப்பூரில் ஆண்டுக்கு ஏறத்தாழ 60,000 டன் மின்கழிவு சேர்வதாகத் தேசியச் சுற்றுப்புற வாரியம் கணக்குச் சொல்லியிருக்கிறது. ஓடுகிற பெட்டியை அந்தக் குவியலில் சேர்ப்பதைவிட, அறை எடுத்துத் தங்கியிருக்கும் வாலிபர் யாருக்காவது கொடுக்கலாம். கொடுக்கும்போது எந்த ஸ்பீக்கர் வாய் வேலை செய்யவில்லை என்பதையும் சொல்லிக் கொடுக்க வேண்டும். இனாமாகக் கொடுப்பதால் குறையை மறைக்கலாம் என்பது கிடையாது.

என் வீட்டிலுள்ள பெட்டி 2009ல் வாங்கியது. மேலே நாலு விரல் இடம் விட்டு வைத்திருக்கிறேன், ஓடுகிறது. என் மகனுக்குத் திருப்தியில்லை. விநாடிக்கு 120 படம் காட்டும் விளையாட்டுக் கருவியை அதில் பூட்ட முடியவில்லை என்கிறான். தொலைக்காட்சியில் நேரே பூட்டிக்கொள் என்றால், "வாப்பா, கடைக்காரர் மாதிரிப் பேசாதீர்கள்" என்கிறான். கடைக்காரராகப் பேசியிருந்தால் எப்போதோ மாற்றியிருப்பேன். அடுத்த ஆண்டு சம்பாதிக்கத் தொடங்கியதும் அவன் காசில் வாங்கட்டும், தடுக்கமாட்டேன். கேட்டால் ஒன்று மட்டும் சொல்வேன். 2020ல் அந்த வேகத்துக்கென்றே புதிதாக விற்பனைக்கு வந்த சில ரிசீவர்களில், சில கருவிகளிலிருந்து அதே வேகத்தில் படம் அனுப்பியபோது திரை கறுத்துப்போனது. தயாரிப்பாளர்கள் பிறகு இணைப்புப் பெட்டி கொடுத்தும், உள்பலகையை மாற்றிக் கொடுத்தும் சரிக்கட்டினார்கள். கைமாற்றாக மலிவாகக் கிடைக்கிறதே என்று அந்த ஆண்டுச் சரக்கை எடுப்பதானால், அந்தப் பலகை மாற்றப்பட்டதா என்று விற்கிறவரிடம் கேட்டுவிட்டு வாங்கட்டும்.