தலைமடையும் கடைமடையும்

ஸ்ரீ:

மாசி மகத் திருநாளில் திருக்கண்ணபுரம் ஸ்ரீ ஸௌரிராஜப் பெருமாள் திருமலைராயன்பட்டினம் கடற்கரைக்கு எழுந்தருளித் தீர்த்தவாரி கண்டருளுவதைக் காரைக்கால் வட்டாரத்தில் அறியாதார் இலர். பத்மினித் தாயார் மீனவர் குலத்தில் தோன்றியவர் என்பது தல வரலாறு. ஆதலின் பட்டினச்சேரி மீனவர்கள் பெருமாளை 'மாப்பிள்ளை' என்றே உரிமையோடு வரவேற்றுத் தம் தோள்களில் எழுந்தருளச் செய்கின்றனர். அலையோரத்தில் நின்று சேவிப்போரில் படகு செலுத்துவோரும் உண்டு. அம்பகரத்தூர், திருநள்ளாறு முதலிய உட்பகுதி ஊர்களிலிருந்து வரும் நெல் விளைவிப்போரும் உண்டு. முன்னவர் கடலை நம்பி வாழ்பவர். பின்னவர் காவிரியையும் ஐப்பசி கார்த்திகை மழையையும் நம்பி வாழ்பவர். இருவருமே சில ஆண்டுகளாக ஒரே வினாவை எழுப்புகின்றனர். காலம் ஏன் தவறுகிறது? இதற்குப் பொறுப்பு யாருடையது?

அதே திருமலைராயன்பட்டினத்தின் எல்லைக்குள், கீழவாஞ்சூரில், 2009ஆம் ஆண்டு முதல் ஒரு துறைமுகம் இயங்கி வருகிறது. அங்கு வந்திறங்கும் சரக்கில் பெரும்பகுதி நிலக்கரி. பெருமாள் நீராடும் கடலும் கரி வந்திறங்கும் கடலும் ஒன்றே. வினாவின் இரு முனைகளும் ஒரே கரையில் கிடக்கின்றன.

உலகம் வெப்பமடைந்து வருகிறது, மனிதர் எரிக்கும் நிலக்கரியும் எண்ணெயுமே அதற்கு முதற்காரணம் என்பது இன்று பள்ளிச் சிறுவரும் கேட்ட செய்தி. ஆயினும் கேட்டது வேறு, தெளிந்தது வேறு. பிரத்யக்ஷம், அனுமானம், சப்தம் என ஸ்ரீ ராமாநுஜ தர்சனம் ஏற்கும் பிரமாணங்கள் மூன்று. இவற்றுள் வேதமாகிய சப்தம், பிற பிரமாணங்களால் எட்ட முடியாதவற்றை அறிவிக்க வந்தது. கரியமிலவாயுவைப் பற்றி அதனிடம் விடை கேட்பது முறையன்று. அவ்வாறு கேட்டு விடை கண்டுவிட்டதாகக் கூறும் பேச்சுகள் இக்காலத்தில் மிகுந்திருப்பது வருந்தத்தக்கது. மற்ற இரண்டு பிரமாணங்களே இங்குத் துணை.

முதலில் பிரத்யக்ஷம். சென்ற சித்திரையில் வெயில் தாங்கவில்லை என்று ஒருவர் கூறுவது உலகம் வெப்பமடைகிறது என்பதற்குச் சான்றாகாது. மார்கழி விடியற்காலையில் குளிரால் நடுங்கியவர் அதை மறுத்துவிட்டதாகவும் ஆகாது. ஒரு மனிதனின் உடல் ஓர் ஊரின் ஒரு நாளை மட்டுமே அறியும். உலகெங்கும் நிலத்திலும் கப்பல்களிலும் வெப்பமானி கொண்டு குறித்துவைத்த கணக்குகள் 1850ஆம் ஆண்டு முதல் தொடர்ச்சியாகக் கிடைக்கின்றன. அவற்றின்படி, அளவெடுத்த ஆண்டுகளிலேயே மிக வெப்பமானது 2024. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதிச் சராசரியைவிட அவ்வாண்டு உலக வெப்பம் ஏறத்தாழ ஒன்றரை டிகிரி செல்சியஸ் மிகுந்திருந்தது. ஒன்றரை டிகிரி அற்பமன்றோ என்று தோன்றலாம். மனித உடலில் ஒன்றரை டிகிரி ஏறினால் அதற்குப் பெயர் காய்ச்சல்.

இனி அனுமானம். மலையில் புகை காண்பவன் அங்கே தீ உண்டு என்று துணிவது தர்க்க சாஸ்திர மாணவன் கற்கும் முதல் பாடம். இங்கோ தீயைக் கண்டு அதன் விளைவைத் துணிய வேண்டியிருக்கிறது. கரியமிலவாயு வெப்பத்தைப் பிடித்துவைக்கும் என்பதை யூனிஸ் ஃபூட் என்னும் அமெரிக்கப் பெண்மணி 1856இல் கண்ணாடிக் குழாய்களை வெயிலில் வைத்துச் சோதித்து ஊகித்தார். 1859இல் ஜான் டிண்டால் அதை ஆய்வுக்கூடத்தில் அளந்து நிலைநாட்டினார். நிலக்கரியை எரித்து அவ்வாயுவைப் பெருக்கினால் பூமி எவ்வளவு வெப்பமுறும் என்பதை 1896இல் ஸ்வீடன் தேசத்து அரினியஸ் கையாலேயே கணக்கிட்டார். கணினி முதலிய கருவிகள் ஏதும் இல்லாத காலம் அது. குளிர்நாட்டவராகிய அவர், அவ்வெப்பம் வருவது நன்மையே என்று கருதினார். வெப்பநாட்டுக் கடைமடையில் நெல் விளைவிப்பவனின் நினைவு அவருக்கு வந்திராது.

காற்றில் அவ்வாயு உண்மையில் பெருகுகிறதா? ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையுச்சியில் சார்லஸ் கீலிங் 1958இல் அளக்கத் தொடங்கியபோது பத்து லட்சம் பங்கு காற்றில் 315 பங்கு கரியமிலவாயு இருந்தது. 2024இல் அது 420ஐத் தாண்டியிருந்தது. தென்துருவப் பனிக்குள் சிறைப்பட்ட பழங்காற்றைச் சோதித்ததில், எட்டு லட்சம் ஆண்டுகளில் ஒருமுறையேனும் அது 300ஐத் தாண்டியதில்லை என்பது தெரிந்தது.

தர்க்கம் கற்றவன் இவ்வளவில் அமையமாட்டான்; உபாதி உண்டா என்று தேடுவான். தீ இருக்குமிடமெல்லாம் புகை இருப்பதில்லை, ஈரவிறகு சேர்ந்தால்தான் புகை எழும். அதுபோல் மறைந்து நிற்கும் வேறு காரணம் இங்கு உண்டா என்பது வினா. சூரியனே வெம்மை கூடியிருக்கலாகாதா? சூரியனால் வந்த வெப்பமாயின் வளிமண்டலத்தின் மேலடுக்கும் கீழடுக்கும் ஒருங்கே சுட வேண்டும். அளந்து பார்த்ததில் கீழடுக்கு வெப்பமுற்று, மேலடுக்கு குளிர்ந்து வருகிறது. கீழிருந்து எழும் வெப்பத்தை ஒரு போர்வை தடுத்தாலன்றி இப்படி நேராது. அந்தப் போர்வை மனிதரால் வந்ததுதானா, எரிமலை முதலியவற்றால் வந்ததாகாதா? இதற்கும் விடை உண்டு. உயிருள்ளவற்றில் எல்லாம் கதிரியக்கமுள்ள ஒருவகைக் கரி சிறிதளவு கலந்திருக்கும். மண்ணுள் புதைந்து நெடுங்காலமான நிலக்கரியில் அது முற்றும் அழிந்துபோயிருக்கும். காற்றிலும் அவ்வகைக் கரியின் விகிதம் குறைந்து வந்ததை 1955இல் ஹான்ஸ் ஸூயஸ் மரங்களின் கட்டையைச் சோதித்துக் காட்டினார். பழங்கரி காற்றில் கலக்கிறது என்பதற்கு இஃது ஒரு சாட்சி. எரிமலைகள் ஆண்டுதோறும் விடும் வாயுவோ மனிதர் எரிப்பதில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு.

இவ்விடத்தில் சேவார்த்திகளுக்கு ஓர் ஐயம் எழுவது இயல்பு. யாகசாலையில் ஸமித்தும் நெய்யும் எரிகின்றன, ஸந்நிதியில் தீபம் எரிகிறது, இவையும் குற்றமோ? அரசும் பலாசும் தம் உடலில் கொண்ட கரியைச் சில ஆண்டுகளுக்கு முன் இதே காற்றிலிருந்து எடுத்தன. ஹோமத்தில் அது காற்றுக்கே திரும்புகிறது. வரவும் செலவும் ஒரே கணக்கில் அடங்குகின்றன. நிலக்கரியோ கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் பூமிக்குள் சென்ற கரி. அதை எடுத்து எரிப்பவன் தான் சேர்க்காத முதலை எடுத்துச் செலவிடுகிறான். ஆகவே நந்தா விளக்கின்மீது பழி சுமத்த வேண்டுவதில்லை. உற்ஸவ காலத்தில் இரவு முழுவதும் டீசல் இயந்திரம் கொண்டு எரியும் வண்ண விளக்குகளைப் பற்றி இவ்வளவு உறுதியாகச் சொல்ல இயலாது.

மழைக்கு வருவோம். வெப்பம் ஒரு டிகிரி கூடினால் காற்று ஏறத்தாழ நூற்றுக்கு ஏழு பங்கு நீராவியை மிகுதியாகத் தாங்கும். தாங்கியதை ஒருங்கே கொட்டவும் கூடும். திருப்பாவையின் நான்காம் பாசுரத்தில் மழையை வேண்டும் ஆய்ப்பாடிச் சிறுமியர், உலகம் வாழும்படி பெய்யும் மழையை வேண்டுகின்றனர் என்பது கருதத்தக்கது. மழை எவ்வளவு என்பதோடு எப்போது, எவ்வாறு என்பதும் அவர்கள் வேண்டுதலில் அடங்கும். 2023 பிப்ரவரித் தொடக்கத்தில், தை மாதம் கதிர் முற்றி அறுவடைக்கு நின்ற சம்பா நெல்லின்மீது பெய்த பருவந்தவறிய மழையைக் காவிரிக் கடைமடை உழவர் மறந்திரார். அந்த ஒரு மழையை மட்டும் காட்டி 'இது வெப்பத்தால் வந்தது' என்று சாதிப்பது தர்க்கமன்று. 1952இலும் 1977இலும் நாகப்பட்டினத்தைத் தாக்கிய பெரும்புயல்கள், 2018இன் கஜா புயலுக்கு நெடுங்காலம் முந்தியவை. பகடையில் ஒரு பக்கம் கனத்துவிட்டால் எந்த வீச்சு அதனால் விழுந்தது என்று கூற முடியாது. பகடை கனத்திருக்கிறது என்று மட்டும் கூறலாம். நெல்லுக்கு வேறொரு தீங்கும் உண்டு. பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தார் 2004இல் வெளியிட்ட ஆய்வில், இரவின் வெப்பம் ஒரு டிகிரி உயர்ந்தபோது விளைச்சல் நூற்றுக்குப் பத்து குறைந்தது கண்டறியப்பட்டது.

கடல்மட்டமும் 1901 முதல் 2018 வரை உலகளவில் சராசரியாக இருபது சென்டிமீட்டர் உயர்ந்தது. ஆனால் கடற்கரைக் கிணறுகள் உவர்ப்பதற்கு அது ஒன்றே காரணமன்று. 1934இல் மேட்டூர் அணை எழுந்தபின் காவிரி கொணரும் வண்டல் குறைந்தது. ஆழ்துளைக் கிணறுகள் நன்னீரை உறிஞ்சின. இறால் பண்ணைகள் உப்புநீரை உள்ளே கொணர்ந்தன. தூர்வாராத வாய்க்காலில் வெள்ளம் தேங்கினால் அதற்கும் உலக வெப்பத்தையே காரணம் காட்டிக் கைகழுவுவோர் உளர். உண்மையான ஒரு காரணத்தைப் பொய்ச்சாக்காகப் பயன்படுத்துவது அவ்வுண்மைக்கே இழைக்கும் தீங்கு.

இதுவரை கூறியது நிகழ்வது என்ன என்பது. செய்யத்தக்கது என்ன என்பதே கடினமான பகுதி.

காரைக்கால் காவிரியின் கடைமடை. தலைமடையில் இருப்பவன் தன் வயலுக்கு வேண்டியதற்கு மேல் ஒரு சாண் மடை திறந்தால் கடைமடை காயும் என்பதை இங்குள்ள எவருக்கும் கற்பிக்க வேண்டியதில்லை. மேட்டூரைத் திறக்கும் மரபான நாள் ஜூன் 12. 2024இலோ ஜூலை 28 வரை காத்திருக்க நேர்ந்தது. மேலே இருப்பவன் 'நீர் என் நிலத்தின் வழியே ஓடுகிறது, ஆதலால் என்னுடையது' என்று கூறுவதை எந்த நீதியும் ஏற்கவில்லை. 2007இல் காவிரி நடுவர் மன்றம் காரைக்காலுக்கென 7 டி.எம்.சி. நீரை வகுத்தது, 2018இல் உச்ச நீதிமன்றம் அதை அவ்வாறே நிலைநிறுத்தியது. அளவு சிறிதாயினும், கடைசியில் இருப்பவனுக்கும் உரிமை உண்டு என்னும் கோட்பாடு பெரிது.

உலக நாடுகளிடையிலும் இதே வழக்கு. இதுவரை எரித்த கரியில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு அமெரிக்க ஐக்கிய நாடுகளுடையது. பாரதம் எரித்தது அதில் மிகச் சிறு பகுதி. இன்றும் இந்தியர் ஒருவரின் பங்கு உலகச் சராசரியில் பாதிக்கும் குறைவு. 1972இல் ஸ்டாக்ஹோம் மாநாட்டில் இந்திரா காந்தி அம்மையார் ஏழைநாடுகளின் வறுமையை முன்வைத்துப் பேசியதும், 1992இல் ரியோ உடன்படிக்கை 'பொறுப்பு பொதுவானது, ஆயினும் வேறுபட்டது' என்று வரையறுத்ததும் கடைமடையின் நியாயமே. முன்னே எரித்துச் செல்வம் சேர்த்தவர் முன்னே குறைக்கட்டும் என்பதில் தவறில்லை.

ஆயினும் வழக்கு அவ்வளவில் முடிவதில்லை. எரித்த கரியில் ஒரு பங்கு ஆயிரம் ஆண்டு கடந்தும் காற்றில் நிற்கும். ஆகவே நீரைப் பொறுத்தவரை கடைமடையில் இருப்பவர், காலத்தைப் பொறுத்தவரை தலைமடையில் இருக்கின்றனர். இனிப் பிறக்கப்போகும் மக்கள் அனைவருக்கும் மேலே, மதகின் அருகில் இன்றைய தலைமுறை நிற்கிறது. மதகின் சாவி அதன் கையில் இருக்கிறது. கடைமடை உழவன் நீதிமன்றம் செல்லலாம், சாலையில் அமரலாம். பிறவாதவன் எந்த நடுவர் மன்றத்தில் மனுக் கொடுப்பான்? தனக்கு மேலிருப்பவனிடம் எந்த நியாயத்தைக் கேட்கிறானோ அந்த நியாயத்தைத் தனக்குக் கீழிருப்பவனுக்கு மறுப்பவன், முன்னர்க் கேட்டபோதும் நியாயத்தைக் கேட்கவில்லை. நீரைத்தான் கேட்டான் என்றாகும்.

'எல்லாம் எம்பெருமான் திருவுள்ளம்; கலி முற்றுகிறது; மனிதன் என் செய்வான்?' என்பது பலரும் கூறும் பூர்வபக்ஷம். இவ்வாறு கூறுபவர் அரசலாற்றின் கரை உடைந்தால் மண்மூட்டையைத் தேடாமல் இருப்பதில்லை. ஜீவனுக்குச் செயலாற்றும் தன்மை இல்லையாயின் 'இதைச் செய், இதைத் தவிர்' என்னும் சாஸ்திரமே வீணாகும் என்பது ஸ்ரீபாஷ்யகாரர் காட்டிய வழி. மேலும், உலகம் பகவானுக்குச் சரீரம் என்று ஓதுபவன், அவ்வுலகத்திற்குத் தான் உடையவன் அல்லன் என்பதையும் உடன் ஓதுகிறான். கோயில் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தவன் விளைவை உண்ணலாம். மேல்மண்ணை வெட்டி விற்க அவனுக்கு உரிமை இல்லை.

'நான் ஒருவன் குறைத்தால் கடல் இறங்குமோ?' என்பது இன்னொரு வாதம். இறங்காது. ஆயினும் டீசல் படகில் சென்று நாளொன்றின் சோறு தேடுபவனின் புகையையும், விருப்பத்திற்காக விமானம் ஏறுபவனின் புகையையும் ஒரே தட்டில் நிறுத்துவது தர்மமன்று. துறைமுகத்தில் கரி சுமந்து பிழைப்பவனைப் பழிப்பதும் தர்மமன்று. அவனுக்கு வேறு பிழைப்பைக் காட்டாமல் கரியை நிறுத்துவதாகக் கூறும் திட்டம் பாதித் திட்டமே. உழவனுக்கும் ஒரு பங்கு உண்டு. எப்போதும் நீர் நிற்கும் நெல்வயலிலிருந்து எழும் மீத்தேன் வாயுவும் பூமியை வெப்பமாக்குவது. இதற்கு மருந்தாக அறிஞர் இன்று கூறுவது, வயலை இடையிடையே உலரவிட்டுப் பின் நீர் பாய்ச்சுதல். தஞ்சை உழவர் 'காய்ச்சலும் பாய்ச்சலும்' என்று தம் வழக்கில் பெயரிட்டு வைத்திருக்கும் முறை அது, நீரும் மிஞ்சும்.

அரசுகளின் பங்கே பெரிது. டெல்டா மண்ணைக் காக்கத் தமிழ்நாடு 2020இல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் இயற்றிப் புதிய எண்ணெய்க் கிணறுகளைத் தடுத்தது. புதுச்சேரியைச் சேர்ந்த காரைக்கால் அச்சட்டத்தின் எல்லைக்கு வெளியே நின்றது. எல்லைக்கல்லுக்கு இருபுறமும் மண் ஒன்றே, பாயும் நீரும் ஒன்றே.

பாரதம் 2021இல் கிளாஸ்கோ மாநாட்டில், காற்றில் சேர்க்கும் கரியையும் மீட்கும் கரியையும் 2070ஆம் ஆண்டுக்குள் சரிசமமாக்குவதாக வாக்களித்தது. பட்டினச்சேரியில் இன்று தந்தையின் தோள்மேல் அமர்ந்து 'மாப்பிள்ளை வருகிறார்' என்று கூவும் குழந்தைக்கு அவ்வாண்டில் ஐம்பது வயது ஆகியிருக்கும். அவ்வாண்டு மாசி மகத்தில் பெருமாளைத் தோளில் எழுந்தருளச் செய்யப்போகும் இளைஞர்களில் ஒருவரும் இன்னும் பிறக்கவில்லை.