91 பவுண்ட் ஆறுதல்

2020 மார்ச்சில் கொரோனா லண்டனைப் பிடித்தபோது, தெற்கு லண்டனின் கேம்பர்வெல் பகுதியில் ஒரு சபையின் ஆயர் எண்ணெய்ப் புட்டியும் சிவப்பு நூலும் அடங்கிய ஒரு பொதியை விற்றார். வாங்குபவரைக் கொள்ளைநோய் தீண்டாது என்றார். விலை 91 பவுண்ட். வேதம் வாசிக்கிற எவருக்கும் அந்த எண் 91-ஆம் சங்கீதத்தை நினைவூட்டாமல் இராது. கொள்ளைநோய்க்கு நடுவே இறைவனின் நிழலில் ஒதுங்குவோரின் பாடல் அது. 2022 டிசம்பரில் லண்டன் நீதிமன்றம் அவரை மோசடிக் குற்றவாளி என்று தீர்த்தது. சட்டம் தன் வேலையைச் செய்தது. ஆனால் அச்சத்தில் இருப்பவரை, இல்லாத பாதுகாப்பைக் காட்டித் தேற்றலாமா என்ற கேள்வி நிற்கிறது.

தேற்றக் கூடாது. காசு வாங்காமல் சொன்னாலும் கூடாது.

மறுதரப்பிலும் ஒரு நியாயம் உண்டு. ஊரடங்கில் தனியே கிடந்த ஒரு மூதாட்டிக்கு அந்த எண்ணெய் ஓர் இரவுத் தூக்கத்தைத் தந்திருக்கலாம். அடுத்தவர் நம்பிக்கையை அளக்க நம்மிடம் கோல் இல்லை. சரிதான். ஆனால் அந்தத் தைரியத்தில் அவர் முகக்கவசமில்லாமல் கடைக்குப் போயிருந்தால் பழி யாரைச் சேரும்?

பொதியில் இருந்தவை வேதத்திலிருந்தே எடுக்கப்பட்டவை. எண்ணெயில் சேர்த்ததாகச் சொன்ன கேதுரு, ஈசோப்பு, கூடவே சிவப்பு நூல் ஆகியவை லேவியராகமம் 14-ஆம் அதிகாரத்தில் ஒன்றாக வருகின்றன. அங்கே ஆசாரியன் பாளயத்துக்கு வெளியே போய், குஷ்டரோகி குணமாகிவிட்டான் என்று கண்ணால் பார்த்த பிறகுதான் அவற்றைக் கொண்டுவரச் சொல்கிறான். குணமானவனை ஊருக்குள் சேர்க்கும் சடங்கு அது. நோயை விரட்டும் மருந்து என்று அங்கே ஒரு சொல்லும் இல்லை. அதற்கு முந்தைய 13-ஆம் அதிகாரமோ, சந்தேகப்பட்டவனை ஏழு நாள் அடைத்துவைத்து மறுபடி பார்க்கச் சொல்கிறது. கொரோனாக் காலத்துக்குப் பொருந்திய அதிகாரம் அதுதான்; அதை யாரும் புட்டியில் அடைத்து விற்கவில்லை.

91-ஆம் சங்கீதத்தின் கதை இன்னும் கூர்மையானது. மத்தேயு 4-ஆம் அதிகாரத்தில், தேவாலயத்து உப்பரிகையில் நின்று அதே சங்கீதத்தை எடுத்துக்காட்டி, தூதர்கள் தாங்குவார்கள், கீழே குதி என்கிறவன் பிசாசு. இயேசு குதிக்கவில்லை. வாக்குத்தத்தத்தைக் காட்டி இறைவனைச் சோதிப்பதை அவர் மறுத்தார். கெத்செமனேயில் அவரே கலங்கினார் என்று மாற்கு மறைக்காமல் எழுதிவைத்திருக்கிறார். ஆண்டவரே அஞ்சியிருக்க, அஞ்சும் விசுவாசியைப் பார்த்து ‘உனக்கு விசுவாசம் போதாது’ என்று சொல்ல யாருக்கு உரிமை?

3-ஆம் நூற்றாண்டில் கார்த்தேஜில் கொள்ளைநோய் பரவியபோது, கிறிஸ்தவர்களும் மற்றவர்களைப் போலவே சாகிறார்களே என்று விசுவாசிகள் குழம்பினார்கள். ஆயர் சிப்ரியான் அவர்களுக்கு விதிவிலக்கு எதையும் வாக்களிக்கவில்லை. உடம்பு எல்லாருக்கும் பொதுவானது, அதன் துன்பமும் பொதுவானது என்றே எழுதினார். 1527-இல் விட்டன்பெர்க்கில் பிளேக் வந்தபோது பல்கலைக்கழகமே ஜேனாவுக்கு இடம்பெயர்ந்தது. சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் நகரிலேயே தங்கினார், அவர் வீடு நோயாளிகளின் விடுதியாயிற்று. பிரெஸ்லாவ் போதகர் யோவான் ஹெஸ்ஸுக்கு அவர் எழுதிய மடல் இன்றும் வாசிக்கத்தக்கது: மருந்து சாப்பிட வேண்டும், வீட்டுக்குப் புகை போட வேண்டும், தேவையில்லாத இடத்துக்குப் போகக் கூடாது, ஆனால் அயலானுக்குத் தேவை என்றால் போயே தீர வேண்டும். அஞ்ச வேண்டியதற்கு அஞ்சுவதை அறிவுடைமையில் சேர்த்த வள்ளுவரும் இந்த மடலோடு முரண்பட மாட்டார்.

கிறிஸ்தவம் தரும் ஆறுதல் இந்த வகையைச் சேர்ந்தது. நோய் வராது என்று அது சொல்லவில்லை. வந்தால் கைவிடப்பட மாட்டாய் என்கிறது. யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் அவனோடு பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்தவரை நல்ல துணையாக இருந்தார்கள். வாயைத் திறந்து விளக்கம் சொல்லத் தொடங்கியபோது கெட்டார்கள். கடைசியில் இறைவன் கடிந்துகொண்டது அவர்களைத்தான்.

ஆகவே போதகர்களே, அடுத்த கொள்ளைநோய் வரும்போது நடுங்கும் சபைக்கு 91-ஆம் சங்கீதத்தைத் தாராளமாக வாசியுங்கள். கூடவே மத்தேயு 4-ஐயும் லேவியராகமம் 13-ஐயும் வாசியுங்கள். வாசித்து முடித்ததும், தனியே இருக்கும் முதியவர்களின் பட்டியலை எடுத்துக்கொண்டு தொலைபேசியில் கூப்பிடத் தொடங்குங்கள்.